வரைந்தவர் பெயர் இருக்கிறது, முடுக்கியவர் பெயர் எங்கே?

தேனி பேருந்து நிலையத்துக்கு ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம். ஜனவரி 15 வந்தால் பாலார்பட்டியில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் பானை பொங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் சாமி படங்களோடு கர்னல் ஜான் பென்னிகுவிக் படமும் மாட்டியிருக்கும். முல்லைப் பெரியாறு அணை இந்த மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அதற்கு நன்றி சொல்வதில் தவறில்லை.

1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அந்த வேலையில், காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், மலையைக் குடைந்தவர்கள். அவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று பள்ளத்தாக்கின் எந்த மேடையில் கேட்டாலும் பதில் வராது. பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதை ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். உயிரை விற்றவர்களின் கதையை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு கட்டுமானத்தை, ஓர் இயந்திரத்தை அதை வரைந்தவர் பெயரால் மட்டும் நினைவில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. உலகம் முழுக்க வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பழக்கம் எதை மறைக்கிறது என்று பார்க்க, ஜெர்மனியில் தொடங்கி நமக்குப் பக்கத்தில் பெங்களூர் வரை வந்து சேர்ந்த ஒரு விமான ஆலையின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பொறியியல் கல்லூரியிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். காரணம் கடைசியில் தெரியும்.

பிரேமனில் தொடங்கிய ஆலை

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், 1923-ஆம் ஆண்டின் கடைசியில், பிரேமன் நகரில் ஃபோக்கே-வுல்ஃப் என்ற விமான நிறுவனம் தொடங்கியது. ஹென்ரிச் ஃபோக்கே, கியோர்க் வுல்ஃப் என்ற இரண்டு நண்பர்களின் பெயர் அது. வுல்ஃப் 1927-ல் தாங்களே கட்டிய ஒரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து இறந்தார். ஃபோக்கே சில ஆண்டுகளில் நிறுவனத்தின் பிடியை இழந்து, ஹெலிகாப்டர் பக்கம் போனார். இருவரின் பெயரும் கதவில் இருந்தது. உள்ளே கை மாறிவிட்டது.

1931-ல் உள்ளே வந்தவர் குர்ட் டாங்க். வரைவார், கட்டுவார், தானே ஏறி ஓட்டியும் பார்ப்பார். அவர் தலைமையில் வந்த ஃபோக்கே-வுல்ஃப் 200 காண்டர் என்ற பயணிகள் விமானம் 1938 ஆகஸ்டில் பெர்லினில் கிளம்பி எங்கும் இறங்காமல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. உலகம் கைதட்டியது. அதே ரகத்தில் ஒன்று ஹிட்லரின் சொந்த விமானமாகவும் ஆனது.

1939 ஜூன் 1 அன்று ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற சண்டை விமானம் முதன்முதலாகப் பறந்தது. மூன்று மாதத்தில் போர் தொடங்கியது. போர் முடிவதற்குள் இந்த ஒரே ரகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. விமானப் பிரியர்களின் நூல்களில் இதன் எஞ்சின், வேகம், துப்பாக்கி என்று பக்கம் பக்கமாக இருக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு. ஜெர்மன் இளைஞர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்ட காலத்தில், 20,000 விமானங்களுக்கு ரிவெட் அடித்தது யார்?

நெஞ்சில் எழுத்து, தனி மேசை

1942 மார்ச்சில் ஹிட்லர் அரசு ஃபிரிட்ஸ் ஸவுக்கல் என்பவரைத் தொழிலாளர் திரட்டும் அதிகாரியாக நியமித்தது. திரட்டுவது என்றால் பிடித்து வருவது. போலந்திலும் உக்ரைனிலும் ரஷ்யாவிலும் ஊர்களைச் சுற்றிவளைத்து, சந்தையில் நின்றவர்களைக்கூட ரயிலில் அள்ளிப்போட்டு ஜெர்மன் ஆலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். 1944 ஆகஸ்டில் சுமார் 76 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் ஜெர்மனியில் வேலை பார்த்தார்கள். அந்த நாட்டில் உழைத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். போலந்திலிருந்தும் சோவியத் மண்ணிலிருந்தும் வந்த சிவிலியன்களில் பாதிக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்பிள்ளைகள்.

அவர்களுக்கு விதித்த விதிகளைக் கவனியுங்கள். போலந்துக்காரர் சட்டையில் 'பி' என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். சோவியத் பகுதியிலிருந்து வந்தவர் 'ஓஸ்ட்' என்ற வில்லையை அணிய வேண்டும். கிழக்கு என்று பொருள். ஜெர்மானியரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அனுமதி இல்லாமல் ரயிலிலோ பேருந்திலோ ஏறக் கூடாது. ஜெர்மானியர் போகும் தேவாலயத்துக்குப் போகக் கூடாது, விடுதிக்குப் போகக் கூடாது. ஒரு போலந்து இளைஞன் ஒரு ஜெர்மன் பெண்ணோடு பழகினால் அவனுக்குத் தூக்கு. வானிலிருந்து குண்டு விழும்போதுகூட ஜெர்மானியர் ஒதுங்கும் பதுங்கு அறையில் இவர்களுக்கு இடம் இல்லை.

தனி மேசை, தனி கோயில், தொட்டால் தீட்டு, காதலித்தால் சாவு. இந்தப் பட்டியலை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை. இரட்டைக் குவளையைப் பார்த்த ஊரில் பிறந்த யாருக்கும் இது புதிதாகப் படாது.

ஃபோக்கே-வுல்ஃப் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. பிரேமன் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானதால் நிறுவனம் தன் ஆலைகளைக் கிழக்கே கொண்டுபோனது. மரியன்பர்க், சோராவ், காட்பஸ், போசன் என்று பிரித்துப் போட்டது. கட்டாயத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் இந்த ஆலைகளில் உழைத்தார்கள். வரைவாளர்கள் இருந்த வடிவமைப்புப் பிரிவோ 1941-ல் பாட் ஐல்சன் என்ற ஊருக்கு மாறியது. அது கந்தக ஊற்றுக்குப் பேர்போன ஓய்வு நகரம். வரைபலகை ஓய்வு நகரத்தில், ரிவெட் குண்டு விழும் ஊரில். 1943 அக்டோபர் 9 அன்று அமெரிக்க விமானங்கள் சுமார் நூறு மரியன்பர்க் ஆலையை நொறுக்கின. அது மிகத் துல்லியமான தாக்குதல் என்று போர் வரலாறு புகழ்கிறது. ஆலையில் நின்ற உழைப்பாளியின் பக்கமிருந்து பார்த்தால், அந்தத் துல்லியத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள்.

மற்ற விமான நிறுவனங்களின் கணக்கு இன்னும் கொடியது. ஹைங்கல் நிறுவனம் ஓரானியன்பர்க் ஆலையில் ஸாக்ஸன்ஹவுசன் வதைமுகாம் கைதிகளை ஆயிரக்கணக்கில் வேலைக்கு நிறுத்தியது. மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனம் ஃப்ளோசன்பியூர்க் முகாமில் 1943 முதல் விமான பாகங்கள் செய்தது. அதுவரை அந்த முகாம் ஒரு கருங்கல் குவாரி; கைதிகளைக் கல்லுடைக்க விட்டே கொன்ற இடம். ஆஸ்திரியாவில் குசன் முகாமில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, அதற்குள் ஜெட் விமான உடற்பகுதிகளைச் செய்ய வைத்தார்கள். குடைந்தவர்களும் செய்தவர்களும் கைதிகள். உலகின் முதல் ஜெட் சண்டை விமானம் என்று நம் பாடப்புத்தகம் பெருமையாகச் சொல்வது அந்தச் சுரங்கத்திலிருந்தும் வந்ததுதான்.

தண்டனை யாருக்கு, நட்டஈடு யாருக்கு?

போர் முடிந்தது. நியூரம்பெர்க் தீர்ப்பின்படி ஸவுக்கல் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். விமான உற்பத்தியை மேற்பார்த்த ஃபீல்டு மார்ஷல் எர்ஹார்ட் மில்ஹ் 1947-ல் அடிமை உழைப்புக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். அது 15 ஆண்டாகக் குறைந்தது. 1954-ல் வெளியே வந்துவிட்டார். வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் சுமார் இரண்டு ஆண்டு காவலில் இருந்தார். 1948-ல் நாஜி நீக்க விசாரணை மன்றம் அவரைக் 'கூடப் போனவர்' என்ற வகையில் சேர்த்து அனுப்பிவிட்டது. பிறகு அவர் மீண்டும் விமானம் கட்டினார்.

இப்போது பணக் கணக்கைப் பாருங்கள். ஐ.டி.டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் போருக்கு முன்பே தன் ஜெர்மன் கிளை வழியாக ஃபோக்கே-வுல்ஃபில் ஏறக்குறைய கால் பங்கை வாங்கி வைத்திருந்தது. அமெரிக்க விமானங்கள்தான் அந்த ஆலைகளைக் குண்டு போட்டு அழித்தன. அதற்கு ஈடாக, 1960-களில் அமெரிக்க அரசே ஐ.டி.டி.க்கு ஜெர்மனியில் ஏற்பட்ட போர் இழப்புகளுக்காகச் சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் ஃபோக்கே-வுல்ஃப் பங்குக்கான தொகையும் அடக்கம். ஆண்டனி சாம்ப்சன் என்ற பத்திரிகையாளர் 1973-ல் வெளியிட்ட நூல் இதை உலகறியச் செய்தது.

ஆலையின் சுவருக்கு நட்டஈடு 1960-களில் கிடைத்தது. அந்தச் சுவருக்குள் உழைத்தவருக்கு?

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் ஜெர்மனி அதற்கென ஓர் அறக்கட்டளையைச் சட்டம் போட்டு உருவாக்கியது. 'நினைவு, பொறுப்பு, எதிர்காலம்' என்று பெயர். அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப் பாதி போட்டு 1,000 கோடி மார்க். அதுவும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஜெர்மன் நிறுவனங்கள் மீது வரிசையாக வழக்குகள் விழுந்த பிறகு. 2001 முதல் 2007 வரை சுமார் 16.6 லட்சம் பேருக்குப் பணம் போனது. ஆலையில் உழைத்தவருக்கு அதிகபட்சம் 5,000 மார்க், வதைமுகாமில் இருந்தவருக்கு 15,000 மார்க். இருபது வயதில் பிடிபட்ட பெண் கையெழுத்துப் போடும்போது எண்பதை நெருங்கியிருந்தாள். பெரும்பாலானோர் அதற்குள் இறந்துவிட்டார்கள். சோவியத் போர்க்கைதிகள் அந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படவில்லை. உயிரோடு மிஞ்சியிருந்த சில ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 2,500 யூரோ என்று ஜெர்மன் நாடாளுமன்றம் முடிவு செய்தது 2015-ல்.

பங்குக்கு முப்பது ஆண்டுக்குள் நியாயம். உழைப்புக்கு அறுபது, எழுபது ஆண்டு. காரணம் எளிது. பங்கு வைத்திருந்தவரிடம் பத்திரம் இருந்தது. உழைத்தவரிடம் சட்டையில் தைத்த எழுத்துதான் இருந்தது.

கோர்டோபா வழியாகப் பெங்களூர்

குர்ட் டாங்க் மீது எந்த வழக்கும் நிற்கவில்லை. பல நாடுகள் அவரை விலை பேசின. 1947-ல் பெத்ரோ மத்தியஸ் என்ற பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். பழைய சகாக்கள் பலரும் பின்னால் போனார்கள். கோர்டோபா நகரில் பெரோன் அரசுக்காகப் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தைக் கட்டினார். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த அழைப்பு இந்தியாவிலிருந்து வந்தது.

1956-ல் டாங்க் ஒரு சிறு ஜெர்மன் குழுவோடு பெங்களூர் வந்தார். வேலை, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையில். அந்த ஆலைக்கும் போரோடு தொடர்பு உண்டு. வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கியது அது. 1942-ல் இந்திய அரசு அதைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாகவும் இருந்தது. 1964-ல் வேறு நிறுவனத்தோடு இணைந்து இன்றைய ஹெச்.ஏ.எல். ஆனது.

டாங்க் அங்கே வடிவமைத்ததுதான் ஹெச்.எஃப்-24 மருத். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி அதை முதலில் ஓட்டினார். மொத்தம் 147 மருத் செய்யப்பட்டன. உடல் ஒலியின் வேகத்தைத் தாண்டும்படி வரையப்பட்டது; ஆனால் அதற்கேற்ற எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. பிரிட்டனின் ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். அந்தக் குறையோடும் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மருத் தன் வேலையைச் செய்தது. டாங்க் 1967-ல் ஊர் திரும்பினார். சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில், மாற்றம் செய்யப்பட்ட ஒரு மருத்தைச் சோதிக்கும்போது விழுந்து இறந்தார். பெங்களூரில் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகள் இன்று மருத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்திய விமான வரலாற்றை எழுதுபவர்கள் டாங்க்கை மேதை என்கிறார்கள். மேதைதான். அவரை அழைத்தது விமானம் கட்டத் தெரியும் என்பதற்காக. பழைய ஆலையில் யார் வேலை பார்த்தார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது அந்தத் தகுதிப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

டாங்க்கை இங்கே கூண்டில் ஏற்றி விசாரிப்பது என் நோக்கம் அல்ல. என் கேள்வி வேறு. ஒரே மனிதர். ஒரே வரைபலகை. அதே திறமை. ஜெர்மனியில் அவர் வரைந்த விமானத்தைக் கட்டியவர்களில் ஒரு பகுதியினர் நெஞ்சில் எழுத்து தைத்த அடிமைகள். பெங்களூரில் அவர் வரைந்த விமானத்தைக் கட்டியவர்கள் சம்பளச் சீட்டும், வார விடுமுறையும், சங்கமும் உள்ள தொழிலாளர்கள். எது மாறியது? பொறியாளரின் மனம் மாறியதா? அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை. மாறியது பட்டறையின் சட்டம்.

அதே 1942-ல் டெல்லியில்

அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1942 மார்ச்சில் பெர்லினில் ஸவுக்கல் நியமிக்கப்பட்டார் என்று பார்த்தோம். அதே ஆண்டு ஜூலையில் டெல்லியில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றவர் அண்ணல் அம்பேத்கர். அதே உலகப் போர், அதே நெருக்கடி, ஆலைகள் இரவு பகலாக ஓட வேண்டும் என்ற அதே அவசரம்.

அவர் பொறுப்பேற்ற அடுத்த மாதம், 1942 ஆகஸ்டில், அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் கூடும் முத்தரப்பு மாநாடு அவர் தலைமையில் நடந்தது. ஜெர்மனியில் உழைப்பவனைத் தனி மேசைக்குத் தள்ளிய ஆண்டில், இங்கே தனி மேசையின் வலியைப் பள்ளிக்கூடத்திலேயே அறிந்த ஒருவர் தொழிலாளியை முதலாளியோடு ஒரே மேசையில் உட்கார வைத்தார்.

மேடைகளில் நாம் "அம்பேத்கர் 14 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கினார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் உள்ளதைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும். அப்போதுதான் எதிர்த்தரப்பு நம்மைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஆண்டு முழுவதும் ஓடும் ஆலையில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். அம்பேத்கர் 1946-ல் கொண்டுவந்த திருத்தம் அதை 48 மணி நேரமாகக் குறைத்தது. வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது.

எல்லாமே வெற்றி என்றும் சொல்ல முடியாது. போரைக் காரணம் காட்டி 1943-ல் பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்ய இருந்த தடையை அந்த அரசு நீக்கியது. அவர் உறுப்பினராக இருந்த அரசுதான். சட்டசபையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நின்றார். ஆணுக்குத் தரும் கூலியே பெண்ணுக்கும் தரப்படுகிறது என்பதை அங்கே வலியுறுத்தினார். 1946-ல் தடை மீண்டும் வந்தது. போர் என்ற ஒரு சொல் உழைப்பவரின் உரிமையை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி இது.

மருத் கட்டிய பட்டறையில் ஓடியது இந்த 48 மணி நேரக் கடிகாரம். விமான வரலாற்று நூல்களில் டாங்க் பெயர் இருக்கும், நேரு பெயர் இருக்கும். அந்தக் கடிகாரத்தை மாட்டியவர் பெயர் இருக்காது. அதை எழுத வேண்டியது நாம்.

ஒப்பிடும்போது கவனம்

இதைப் படித்துவிட்டு "நாஜியும் சாதியும் ஒன்றுதான்" என்று எளிதாகச் சுவரொட்டி அடித்துவிடாதீர்கள். வேறுபாடுகள் முக்கியமானவை.

அங்கே பாகுபாடு அரசின் ஆணை. ஆறு ஆண்டு நடந்தது. அந்த அரசு தோற்றதும் ஆணையும் செத்தது. இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆணை போடாமலே, அதிகாரி இல்லாமலே, ஊர் தானாக அதை நடத்திக்கொண்டு போகிறது. எழுத்தைச் சட்டையில் தைக்கத் தேவையில்லை. தெருப் பெயரே போதும். ஆயிரம் ஆண்டு பழைய ஓர் ஏற்பாட்டுக்குத் தோல்வி நாள் என்று ஒன்று இன்னும் வரவில்லை.

இன்னொரு வேறுபாடு. ஜெர்மனியில் எந்த ஆலையில் யார் உழைத்தார் என்பதற்குப் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலும் அட்டையும்தான் பிற்பாடு பலருக்கு நட்டஈடு வாங்கிக் கொடுத்தன. கூடவே, ஊர் ஊராகப் பழைய முகாம்களைத் தோண்டி, உயிரோடு இருந்தவர்களைப் பேச வைத்து, தங்கள் நகரத்து நிறுவனங்களின் வரலாற்றைக் கிளறியவர்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் நிறைய. பல நிறுவனங்கள் தங்கள் கணக்கைத் தாங்களாகத் திறக்கவில்லை. திறக்க வைத்தார்கள்.

நம் வேலை என்ன?

முதலில், மணி நேரம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்குக் கதவு திறக்கும் திருத்தம். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் வெளிநடப்பு செய்தன, சங்கங்கள் எதிர்த்தன, மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 48 மணி நேரம் என்பது கல்லில் வெட்டிய எழுத்து அல்ல என்று அந்தப் பத்து நாள் காட்டியது.

இரண்டாவது, நீங்கள் போகப்போகும் ஆலை. சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூர் என்று ஐந்து இடங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கப்பட்டது. விமான பாகங்கள் செய்யும் வேலை தமிழ்நாட்டுக்கு வருகிறது. தேனியிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் படித்த பிள்ளைகள் அங்கே போவார்கள், போக வேண்டும். ஹெச்.ஏ.எல். போன்ற பொதுத்துறையில் இட ஒதுக்கீடு உண்டு. தனியார் ஆலையில் இல்லை. பொதுத்துறைக்குள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் உள்ளே போனால் ஒதுக்கீடு செல்லாது. அந்த ஆலையில் வரைபலகைக்கு முன்னால் யார், லேத்துக்கு முன்னால் யார், கழிவறை கழுவுவது யார் என்ற கணக்கை எடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் நிற்கிறார்களா, அல்லது மூன்று தெருக்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, நம் பள்ளத்தாக்கு. விடியும் முன்னால் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஜீப்புகள் ஏறுகின்றன. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் சேரிப் பெண்கள். ஜீப்பில் போக ஒன்றிரண்டு மணி நேரம், திரும்ப ஒன்றிரண்டு மணி நேரம். அது எந்த வேலை நேரக் கணக்கிலும் வராது. வண்டி கவிழ்ந்தால் நாளிதழில் "தோட்டத் தொழிலாளர்கள் பலி" என்று எண்ணிக்கை வரும், இரண்டு நாளில் அடங்கிவிடும். அவர்கள் பறித்த ஏலக்காயின் விலை மட்டும் ஏல மையத்தில் கிலோ கணக்கில் பதிவாகும்.

பட்டியல் இருந்தவர்களுக்கே நியாயம் கிடைக்க அறுபது ஆண்டு ஆனது. பட்டியலே இல்லாதவர்களுக்கு?

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஏலத்தோட்டத்துக்குப் போகும், போய் ஓய்ந்த அம்மாக்களிடம், பாட்டிகளிடம் உட்காருங்கள். எந்த ஆண்டு போகத் தொடங்கினார்கள், எந்தத் தோட்டம், கங்காணி எப்படிப் பிடித்தான், எத்தனை மணிக்கு ஜீப், என்ன கூலி, முன்பணம் எவ்வளவு, எந்த விபத்தில் யார் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் அனுமதியோடு பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். வயதானவர்களிடம், அணை வேலைக்கும் மலை ரோடு வேலைக்கும் போன முன்னோர் பற்றிய பேச்சு இருந்தால் அதையும் சேருங்கள். ஒரு பள்ளி நோட்டுப் போதும். ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு என்று வைத்தால், பள்ளத்தாக்கு முழுவதற்கும் சில நூறு நோட்டுகள்தான்.

விமானமோ அணையோ, வரைந்தவர்களின் வரலாறு பத்திரமாக இருக்கிறது. அதைக் காப்பாற்ற அருங்காட்சியகங்கள் உண்டு. நம் நோட்டுகளுக்கு நாம்தான் உண்டு.